கூட வந்தவரின் நாற்காலி

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், அந்த ஒரு வரியை மட்டும் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது, அதுவும் அங்கேதான். பதறாமல் வரிசையாகப் படித்துக்கொண்டு வா, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் பழைய பழக்கம் கதைப் புத்தகங்களோடு நிற்கட்டும். வாலு என்று கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அது அப்பா உனக்கு வைத்த பெயர், அவர் மட்டுமே சொன்ன பெயர், நான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. அவர் போன பிறகு இந்த வீட்டில் அதைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் போய்விட்டது, போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சும்மா ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வெறும் அறையில் அது நன்றாகத்தான் இருந்தது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல், மறுபடி டாக்டரம்மா என்றே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "சித்தி, அப்பா கிளினிக்ல என்ன வித்தியாசமா செஞ்சார்னு ஒரு நாலு வரி எழுதி அனுப்புங்களேன், கூட்டத்துல பேசணும்" என்றாய். இருப்பவர் இல்லாதவர் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும் வைத்தியம் போய்ச் சேர ஒரு குடும்ப டாக்டர் என்ன செய்ய முடியும், அதுதான் தலைப்பு என்றும் சொன்னாய். சரி என்றேன், அதற்குப் பிறகு வழக்கம்போல உன் ஊர்க் குளிர், என் ஊர் வெயில், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. நம் இரண்டு பேருக்கும் போனில் பேச வராது. நீ அப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசுவாய், நடுவில் என்னிடம் போனைக் கொடுத்ததும் உன் குரல் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். குறையாகச் சொல்லவில்லை, நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாய், எனக்கே அப்போது என்ன பேசுவதென்று தெரியாத வயதுதான், பார்த்தவர்கள் நம்மை அக்கா தங்கை என்றார்கள். அதனால் போனில் சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரி எங்கேயோ போய்விட்டது.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, குழாய்க்காரர் வந்து சரிசெய்த பிறகுதான் அந்தச் சொட்டுச் சத்தம் எனக்கு எவ்வளவு பழகியிருந்தது என்று தெரிந்தது. உன் அறை ஜன்னலைத் தினமும் காலையில் திறந்து மாலையில் மூடுகிறேன். ஒருத்திக்குச் சமைப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை, பாத்திரமெல்லாம் மூன்று பேருக்கானது, மீந்ததை மறுநாளும் தின்று மறுநாளுக்கு மறுநாளும் தின்கிறேன். நூலகத்திலிருந்து பை நிறையப் புத்தகம் வருகிறது, படிப்பதற்குக் குறைவில்லை, படித்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. அப்பா சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்குப் படித்த கதையைச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா, பாதியில் நிறுத்தி, "அந்தப் பொண்ணு மூணு அத்தியாயமா இருமுதே, யாராவது சளியை டெஸ்ட் பண்ணாங்களா இல்லையா?" என்பார். எந்தக் காதல் கதையையும் அவரிடம் முழுசாகச் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. இப்போது ஒரு கதையை முடித்து மூடி வைத்தால் அது என்னோடு நின்றுவிடுகிறது.

இனி நீ கேட்ட விஷயம். கிளினிக் இருந்த தெரு உனக்குத் தெரியும், ஒரு பக்கம் லிஃப்ட் வைத்த அடுக்குமாடிகள், எதிர்ப்பக்கம் கிடங்குகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடுகளின் வரிசை, இரண்டுக்கும் பொதுவாக நம் இரண்டு அறை கிளினிக். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே வரிசை. வந்து பார்த்தவர்கள் அதைத்தான் புகழ்வார்கள், அப்பாவுக்கு அது பெரிதாகத் தோன்றியதே இல்லை. "வரிசையில நிக்கிறவங்களுக்கு நியாயம் செய்றது ரொம்ப சுலபம், வரிசைக்கே வராதவங்களை என்ன செய்றது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த பதில் ஒரு நாற்காலி. நோயாளி உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில், கூட வந்தவருக்காகக் கைவைத்த மர நாற்காலி ஒன்று போட்டிருந்தார். தனக்குத் தலைவலி என்றால் ஒரு மணி நேரம் லீவு கிடைக்காத வேலைக்காரப் பெண்ணுக்கு, வீட்டு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக அரை நாள் கிடைக்கும். டிரைவர் வருவார், காவல்காரர் வருவார், மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மருமகள் வருவாள். தனக்கென்று இந்த வாசலை மிதிக்காத அத்தனை பேரும் அடுத்தவர் பையைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அப்பா நோயாளியைப் பார்த்து முடித்ததும் தன் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பி, "சரி, இப்போ நீங்க. கையைக் கொடுங்க" என்று பிரஷர் பட்டையைச் சுற்றிவிடுவார். கூட வந்தவரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை, அவ்வளவுதான் அவருடைய முறை. இதை உன் கூட்டத்தில் எந்தப் பெரிய வார்த்தையில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அவர் சொன்னது "கையைக் கொடுங்க" மட்டும்தான்.

இதற்குப் பயந்து ஓடியவர்களும் உண்டு. உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தாரே பயில்வான், மனைவியை வாசலில் விட்டுவிட்டு, "நீ போயிட்டு வா, நான் வண்டியைப் பார்த்துக்கறேன்" என்று வெளியிலேயே நிற்பார். அவர்கள் நடந்துதான் வந்திருப்பார்கள். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வண்டியையும் உள்ள கூட்டிட்டு வாங்க, அதுக்கும் ஒரு பிரஷர் பார்த்துடலாம்" என்று கத்துவார், பெஞ்சே குலுங்கிச் சிரிக்கும், பயில்வான் வந்து குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். பிறகு பெரிய டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சக்கர நாற்காலியில் வருபவர். அவரைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும், இன்னமும் இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டியிருப்பார், தெருவுக்கே அவர் ரெட்டைச்சடை அக்கா. டீச்சர் முதல் தடவை, "டாக்டர், இது என்னோட நேரம், அவளோடது இல்லை" என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அப்பா பட்டையைச் சுற்றிக்கொண்டே, "டீச்சர், உங்க வண்டிக்கு எஞ்சின் இவங்கதான், எஞ்சின் நின்னா நீங்க எங்க போவீங்க?" என்றார். "நல்லா வாய் பேசறீங்க, என் ஸ்கூல்ல படிச்சிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்" என்றாரே தவிர அதற்குப் பிறகு டீச்சர் தடுக்கவில்லை. ரெட்டைச்சடை அக்காவும் பழகிப்போய், டீச்சருடையது முடியும்போதே தன் ரவிக்கைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு தயாராக இருப்பார்.

அப்பாவுக்குப் பிறகு கிளினிக்கை ஒரு அறக்கட்டளை எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும், என்னையும் அப்பா காலத்தில் நான் உட்கார்ந்த பழைய ஜன்னலிலேயே இருக்கச் சொன்னார்கள், பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது, மருந்தைக் கட்டிக் கொடுப்பது. புது டாக்டர் நல்ல பெண், உன் வயதுதான், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு வேலை பார்ப்பதிலும் உன் ஜாடை. அவளுக்குக் கம்ப்யூட்டர் மேஜை போட இடம் பற்றாமல் மர நாற்காலியைச் சாமான் அறைக்குத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பதிந்தவருக்கு மட்டும்தான் வைத்தியம் என்பது மேலிடத்து விதி, கூட வந்தவர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், துக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு நாற்காலி காணாமல் போனது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் பெரிய டீச்சரின் முறை. கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் பார்த்து முடித்து மருந்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், சுவர் ஓரமாக நின்ற ரெட்டைச்சடை அக்கா பழக்கத்தில் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார். டாக்டர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். "என்ன வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அக்கா அதை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, பழக்க தோஷம்" என்று சிரித்தார். வாலு, அந்தச் சிரிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கொடுக்கப் போன கையை ஒளித்து வைக்க இடம் தேடின மாதிரி இருந்தது. வெளியே வந்தவரை என் ஜன்னலுக்கு உள்பக்கம் கூப்பிட்டு, அப்பா எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பழைய பட்டையை எடுத்துச் சுற்றினேன். பிரஷர் எகிறியிருந்தது, பார்த்ததை நம்பாமல் அவிழ்த்து மறுபடி சுற்றினேன். "ராத்திரியெல்லாம் மண்டை இடிக்குதும்மா, டீச்சருக்குத் தெரியாம ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலை செய்றேன்" என்று அப்போதுதான் சொன்னார். கேட்ட பிறகுதான் சொன்னார், கேட்காமல் எப்படிச் சொல்வார்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். "பதிவு இல்லாம மருந்து எழுத முடியாதுக்கா, என்னைக் கேள்வி கேப்பாங்க, என்ன காரணம்னு போடறது?" என்றாள். "கூட வந்தவங்கன்னு போடுங்க" என்றேன், எனக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கே தெரியாது. அவள் அக்காவை உள்ளே கூப்பிட்டாள், பொறுமையாகப் பார்த்தாள், மாத்திரை எழுதினாள், அடுத்த வாரம் வரச் சொன்னாள். பெஞ்சு காலியான பிறகு என் ஜன்னல் பக்கம் வந்து, "அப்போ அவங்க ஏன்க்கா கையை நீட்டினாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "நான் ஏதோ ஊசி போடச் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நேரே சாமான் அறைக்குப் போய் நாற்காலியை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள், கம்ப்யூட்டர் மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள், நாற்காலி முழுக்கச் சிலந்திக்கூடு. மேலிடத்தில் இன்னும் இழுபறிதான், முதலில் கூடாது என்றார்கள், இப்போது பார்க்கலாம் என்கிறார்கள், அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரெட்டைச்சடை அக்காவுக்குத் தலையில் துணி இல்லை. டீச்சர்தான் இப்போது காவல், "மாத்திரை போட்டியாடி? பொய் சொல்லாதே, நாக்கை நீட்டு பார்க்கலாம்" என்று தினமும் விசாரணை நடக்கிறதாம்.

உன் பேச்சுக்கு இதுவரை போதும். இனி எழுதப்போவது உனக்கு மட்டும்.

அக்கா தன் தங்கையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் டீச்சருக்கு முறை வந்தது, தள்ளிக்கொண்டு வர ஆளில்லை, நானே போய் அழைத்து வந்தேன். கால் வலித்ததால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் டீச்சரைப் பார்த்து முடித்து என் பக்கம் திரும்பி, "சரி, இப்போ நீங்க" என்றாள். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். "உன்னைத்தாம்மா, பின்னால சுவர்தான் இருக்கு, அதுக்கா பிரஷர் பார்ப்பாங்க?" என்றார் டீச்சர். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஊரார் மனைவிகளையெல்லாம் கையைக் கொடுங்கள் என்று கேட்ட மனிதர் என் கையைக் கேட்டதில்லை. அவர் மேல் கோபமில்லை. நான் மேஜைக்குத் தன் பக்கத்து ஆள் என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன், அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நான் யாருக்கும் கூட வந்தவள் இல்லை, உள்ளேயே இருந்தவள், அதனால் கண்ணில் படாமல் போனேன்.

பிரஷர் சரியாகத்தான் இருந்தது. அவள் பட்டையை அவிழ்த்த பிறகு என் கழுத்தையே பார்த்தாள், தண்ணீர் குடிக்கச் சொல்லி விழுங்கும்போது பார்த்தாள், விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "இது எப்போலேர்ந்துக்கா இருக்கு?" என்றாள். "எது?" என்றேன். என் விரலை எடுத்து அங்கே வைத்துக் காட்டினாள். உருண்டையாகக் கோலிக்குண்டு மாதிரி ஒன்று. கழுத்துச் சங்கிலி இறுக்குகிறது, வயதாக ஆகச் சதை போடுகிறது என்று நினைத்து அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்து எத்தனையோ மாதமாகிறது. கூட யாராவது இருந்திருந்தால் ஏன் சங்கிலி போடவில்லை என்று கேட்டிருப்பார்கள், நானும் கண்ணாடியைப் பார்த்திருப்பேன். படம் எடுத்தார்கள், ஊசி குத்திப் பார்த்தார்கள், நல்லதா கெட்டதா என்று ஊசியில் தெளிவாகத் தெரியவில்லை, தைராய்டில் பாதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். இந்த இடத்தில் நீ எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பாய், உட்கார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது என்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் சொன்னார், அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தைக்குள் என்னென்ன இருக்கிறது என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார், பையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டு. என் பையை நானே மடியில் வைத்திருந்தேன். நர்ஸ் வந்து, "ஆபரேஷன் அன்னிக்குக் கூட யாரும்மா வருவாங்க?" என்று கேட்டாள். யாரையாவது யோசித்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், "பொண்ணு" என்று வந்துவிட்டது. "எங்க இருக்காங்க?" என்றாள். "தூரத்துல. வருவா" என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், வெளியே வந்து வெகுநேரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன், ஏறாமல் விட்ட பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. உன் பள்ளிக்கூட வாசலில் யாராவது அம்மாவா என்று கேட்டால் நீ சட்டென்று சித்தி என்று திருத்துவாய். அது சரியான பதில்தான், நான் ஒரு நாளும் அதை மாற்றச் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

ஆபரேஷன் தேதி உன் கூட்டம் முடிந்து அடுத்த வாரத்தில்தான் வருகிறது, நான்தான் அப்படிக் கேட்டு வாங்கினேன், அதனால் பேச்சைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ வரமுடியாமல் போனால் நான் அநாதையாகப் போய்ப் படுத்துக்கொள்வேன் என்றும் எண்ணாதே, ரெட்டைச்சடை அக்கா, "நான் வர்றேன்மா, ஒரு நாள் என்னைத் திட்டாம இருந்தா டீச்சருக்கும் ஓய்வுதானே" என்று சொல்லிப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார். ஆள் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன். வருவாயா?

தள்ளி வைத்த வரியை இப்போது எழுதிவிடுகிறேன். இங்கே நான் அவ்வளவு சுகமில்லை. உடம்பைச் சொல்லவில்லை, உடம்புக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நீ தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு உடம்பும் தேறட்டும், உன் சொல் நாலு பேர் காதில் ஏறட்டும், நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும். காலையில் வெறும் காபியோடு ஓடாதே. கூட்டத்தில் அப்பாவைப் பற்றிப் பெருமையாக எதுவும் சொல்ல வேண்டாம், வண்டிக்குப் பிரஷர் பார்க்கிறேன் என்ற கதையை மட்டும் கட்டாயம் சொல். வந்தால் என்னோடு கிளினிக்குக்கும் ஒரு தடவை வர வேண்டும், நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன், நீ அந்த நாற்காலியில் உட்கார். அங்கே உன்னிடம் யாராவது இதைக் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை, இங்கே கேட்பாள், என்னைப் பார்த்து முடித்ததும் உன் பக்கம் திரும்புவாள். மறக்காமல் கையை மடக்கி விட்டுக்கொண்டு தயாராக இரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
சித்தி